இஸ்திரிப் பெட்டியில் சுட்ட முட்டை

இஸ்திரிப் பெட்டி ஜன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே பறந்தபோது நான் பக்கத்து அறையில் முகத்துக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். கண்ணாடி நொறுங்குவது எங்களுக்குப் புதிதல்ல. பழைய கட்டடங்களை உடைப்பதுதான் எங்கள் பிழைப்பு. ஆனாலும் வேலை முடிந்து வந்து குளிக்கிற நேரத்தில், தங்கியிருக்கிற லாட்ஜில் உடைந்தால் யாருக்கும் திக்கென்றுதான் இருக்கும். கண்ணில் சோப்பு எரிய, இடுப்பில் துண்டோடு ஓடினேன்.

உள்ளே எங்கள் மேஸ்திரி கட்டில்மேல் நின்றுகொண்டிருந்தார். வாட்டசாட்டமான ஆள். எல்லாருக்கும் அவர் சம்மட்டி. எனக்குச் சம்மட்டி அண்ணன். பனியன் தொப்பலாக நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. சுவரோரமாக அவருடைய மச்சினன், அதாவது அவர் மனைவியின் தம்பி, எங்கள் ஆட்களில் கேஸ் கட்டர் பிடிப்பதால் 'கட்டர்' என்றே பேராகிவிட்டவன், கையில் கரண்டியோடு நின்றான். தரையெல்லாம் அரைவேக்காட்டு முட்டை.

"சோறு எங்கடா? சோத்த எங்க ஒளிச்சு வச்சிருக்க?"

"மொதல்ல கீழ எறங்குங்க மாமா. ஃபேன் மண்டையில அடிக்கப் போவுது."

"முட்டையக் குடுத்தே என்னைக் கொல்லப் பாக்குறியா? அக்காளும் தம்பியும் சேர்ந்து திட்டம் போட்டுட்டீங்களா?"

"திட்டம் போட்டது டாக்டரு. அவருகிட்டப் போயி இஸ்திரிப் பெட்டிய வீசுங்க."

கட்டருக்கு எப்போதும் வாய் நீளம். சம்மட்டி அண்ணன் கட்டிலிலிருந்து அப்படியே அவன்மேல் குதித்தார். கழுத்தைப் பிடித்துச் சுவரில் வைத்து அழுத்தினார். அவன் கண் பிதுங்கிவிட்டது. விலக்கப் போன எனக்கு விலாவில் முழங்கையால் ஓர் இடி. மூச்சு நின்று, துண்டு அவிழ்ந்து, மானம் போய் உட்கார்ந்துவிட்டேன். அவர் என்னைத் தாண்டி என் அறைக்குள் போனார். டீக்காக நான் வாங்கி வைத்திருந்த பால் பாக்கெட்டைப் பல்லால் கடித்துக் கிழித்து, நின்றபடியே குடித்து முடித்தார். பிறகு என் கட்டிலிலேயே விழுந்து தூங்கிவிட்டார்.

அவர் எழுந்து வரும்போது வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. முகம் கழுவிய பிள்ளை மாதிரி வந்து நின்றார்.

"ஜன்னலுக்கு என்னடா ஆச்சு?"

நான் கட்டரைப் பார்த்தேன். அவன் கழுத்தைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தான்.

"நடிப்பு" என்றான், அவர் காதில் விழும்படியே. "எங்கக்காவ அடிச்சுட்டும் இதே கதைதான். சாப்பிட்டு எந்திரிச்சு வந்து, 'ஏன்டி அழுவுற'ன்னு கேப்பாரு."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அடித்த ஆள் மறந்துவிட்டேன் என்று சொன்னால் அடிபட்டவனுக்கு வயிறு எரியாதா?

அதற்குள் லாட்ஜ் மேனேஜர் இஸ்திரிப் பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். வயர் பின்னால் தரையில் இழுபட்டுக்கொண்டு வந்தது.

"இது உங்க ரூம்லேருந்து விழுந்ததா?"

"பறந்தது" என்றேன் நான்.

"கீழ யார் தலையிலயாவது விழுந்திருந்தா என்ன சார் ஆவுறது? அதுவும் இல்லாம, பெட்டியோட அடியில முட்டை ஒட்டியிருக்கு. துணிக்கு யாராவது முட்டை போடுவாங்களா?"

முட்டை ஒட்டியிருந்ததற்குக் காரணம் உண்டு. அதைச் சொல்ல வேண்டுமென்றால் சம்மட்டி அண்ணனின் கால் விரலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இதற்கு முந்தைய வேலையில், ஒரு பழைய சினிமாக் கொட்டகையை உடைத்துக்கொண்டிருந்தபோது, துருப்பிடித்த ஆணி ஒன்று பூட்ஸைத் துளைத்து அவர் காலில் ஏறிவிட்டது. அவருக்கு உறைக்கவே இல்லை. பூட்ஸுக்குள் ரத்தம் கொழகொழவென்று ஊறிய பிறகுதான் குனிந்து பார்த்தார். ஆஸ்பத்திரியில் சர்க்கரை என்றார்கள். பெருவிரலை எடுத்துவிட்டார்கள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று ஊசி எழுதிக் கொடுத்து, "சோத்தக் கொறைங்க" என்று சொல்லி அனுப்பினார் டாக்டர்.

எங்கள் ஆட்களிடம் சொல்கிற வார்த்தையா அது? குறைப்பதெல்லாம் எங்களுக்குப் பழக்கமில்லாத வேலை. பாதிச் சுவரை வைத்துக்கொண்டு பாதியை எடுக்கச் சொன்னால் தலையைச் சொறிவோம். முழுசாக இடி என்றால் உடனே கை பரபரக்கும். அண்ணியும் அப்படித்தான் செய்தாள். சோறு, ரொட்டி, கிழங்கு, பழம், பிஸ்கட், டீயில் போடுகிற சர்க்கரை எல்லாவற்றையும் ஒரே நாளில் வீட்டைவிட்டு வெளியேற்றினாள். ஊசியை மட்டும் எழுதிக் கொடுத்தபடி, ஒரு துளி குறையாமல் போட்டு வந்தாள்.

இந்த வேலைக்கு நாங்கள் லாரி ஏறிய காலையில் நானும் அங்கே இருந்தேன். சங்கிலிகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். அண்ணி தெருவில், எல்லார் முன்னாலும் புருஷனிடம் பேசினாள். அவளுக்கு முன்பல் பாதி கிடையாது. அது எப்படிப் போனது என்று தெருவுக்கே தெரியும். பேசும்போது கையால் வாயை மறைத்துக்கொள்வாள். அன்றைக்கு மறைக்கவில்லை.

"வீடு எங்கப்பா எனக்குக் குடுத்தது. கதவத் தொறக்குறதும் சாத்துறதும் என் இஷ்டம். இந்த வேலை முடியிற வரைக்கும் யார் மேலயும் கை வைக்காம இருந்தீங்கன்னா திரும்பி வாங்க. வச்சீங்க, அப்படியே எங்கயாவது போயிடுங்க. தம்பி கூடவே இருப்பான். உங்க வாய்க்கும் அவன்தான் காவல், கைக்கும் அவன்தான் காவல்."

சம்மட்டி அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு லாரியில் ஏறினார். ஏறிய பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார். "அவ சொன்னா செய்வாடா. இந்தத் தடவ நான் ஒழுங்கா இருந்தாவணும். அந்த வீட்ட விட்டா எனக்குப் போக்கிடம் ஏது?"

அவர் மனசாரத்தான் சொன்னார். அதனால்தான் பிறகு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

நாங்கள் உடைக்க வந்தது மூடிக்கிடந்த ஒரு நூல் மில். கம்பெனி எங்களுக்கு லாட்ஜில் இரண்டு அறை போட்டுக் கொடுத்தது. ஒன்றில் மாமனும் மச்சினனும். மற்றதில் கிரேன் ஓட்டுகிற நான். வந்த அன்றைக்கே கட்டர் அவர்கள் அறையைச் சோதனை போட்டான். கெட்டில் பக்கத்தில் லாட்ஜ்காரர்கள் வைத்திருந்த சர்க்கரைப் பொட்டலம், பிஸ்கட் எல்லாவற்றையும் வாரி எடுத்து என் மேஜை இழுப்பறையில் கொட்டினான். "நீங்களே வச்சுக்குங்க. எங்க ரூம்ல இனிப்புன்னு ஒரு பொட்டு இருக்கக் கூடாது." தினமும் துப்புரவு செய்கிற பெண் புதுப் பொட்டலம் வைப்பாள். தினமும் அது என் இழுப்பறைக்கு வரும்.

சமையல் எல்லாம் அறைக்குள்தான். ஓட்டலில் சாப்பிட்டால் பக்கத்து மேஜையில் சோறு மணக்குமே! முட்டையைக் கெட்டிலில் அவிப்பான். முட்டைக்கோஸை நறுக்கி அதே கெட்டிலில் வதக்குவேன் என்று ஆரம்பித்து, கெட்டிலின் அடி கருகி, அறையே சாக்கடை மாதிரி நாறியது. பிறகுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. மில்லிலிருந்து இரண்டு செங்கல் கொண்டு வந்தான். லாட்ஜ் இஸ்திரிப் பெட்டியைத் தலைகீழாகத் திருப்பி இரண்டு கல்லுக்கும் நடுவில் நிறுத்தினான். மேலே ஒரு எவர்சில்வர் தட்டு. அதில் எண்ணெய் விட்டு முட்டையை உடைத்து ஊற்றினான். கேஸ் கட்டர் பிடிக்கிறவனுக்குச் சூட்டின் பக்குவம் சொல்லித்தரவா வேண்டும்? 'காட்டன்' வரை திருகினால் முட்டை, 'சில்க்'கில் மீன், என்று சட்டமாகப் பேசுவான். கடையில் பொரித்து விற்கிற கோழியை வாங்கி வந்து, மேலே பூசியிருக்கிற மாவைச் சுரண்டி எறிந்துவிட்டுக் கொடுப்பான். வெள்ளரிக்காய் கத்தை கத்தையாக வரும். நொறுக்குத் தீனிக்கு வேர்க்கடலை.

முதலில் எல்லாம் நன்றாகவே போயிற்று. சம்மட்டி அண்ணனின் தொப்பை இறங்கியது. பெல்ட்டில் புது ஓட்டை போட்டார். "மாப்ள, இந்த ரேட்டுல போனா உங்கக்கா என்னை அடையாளம் தெரியாம உள்ள விட்டுருவா" என்று சிரித்தார். கட்டர் சிரிக்கவில்லை. அவன் அவரைப் பார்த்துச் சிரித்து நான் கண்டதே இல்லை.

ஒரு நாள் கேட்டேன். "ஏன்டா, மனுஷன் திருந்திட்டாரே, கொஞ்சம் முகத்தக் காட்டக் கூடாதா?"

"அக்கா பல்லு ஒடஞ்சப்ப எனக்கு மீசை கூட மொளைக்கலண்ணே. வாசல்ல நின்னு பாத்துட்டிருந்தேன். ஒண்ணும் பண்ண முடியல. இப்ப அவர் தட்டு என் கையில இருக்கு. ஒரு பருக்கை போடமாட்டேன்."

சொல்லிவிட்டு வெள்ளரிக்காயை நறுக்கினான். கத்தி பலகையில் விழுந்த வேகத்தைப் பார்த்து நான் வாயை மூடிக்கொண்டேன்.

பிறகுதான் மாலை நேரத்துக் கூத்துகள் ஆரம்பித்தன. பகலெல்லாம் நல்ல மனுஷனாக இருப்பார். வெயில் இறங்குகிற நேரத்தில் வியர்க்கும். கை நடுங்கும். பார்வை ஒரு மாதிரி ஆகிவிடும். யாராவது ஒரு வார்த்தை சொன்னால் போதும், எகிறுவார். துப்புரவுப் பெண்ணின் வாளியை எட்டி உதைத்தார். என் கன்னத்தில் காரணமே இல்லாமல் ஒன்று விட்டார். ஒளித்து வைத்துக் குடிக்கிறார் என்று கட்டர் அவர் வாயை மோந்து பார்த்தான். ஒன்றும் இல்லை. "பிறவிக் கொணம்" என்று முடிவு கட்டினான்.

இஸ்திரிப் பெட்டி பறந்தது அந்த நாட்களில்தான்.

மேனேஜரைச் சமாதானப்படுத்தி அனுப்பிய கையோடு கட்டர் வராந்தாவுக்குப் போய் அக்காவுக்குப் போன் போட்டான். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"அக்கா, கை வச்சுட்டாரு. என் கழுத்துல கை ரேகை அப்படியே இருக்கு. கிரேன் அண்ணனுக்கு விலாவுல குத்து. நீயே வந்து பாத்துட்டு, உன் வாயால சொல்லிட்டுப் போ."

அவள் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. ஆனால் போனை வைத்தபோது அவன் முகம் தெளிந்திருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை.

அறைக்குள் சம்மட்டி அண்ணன் பழைய அட்டைப்பெட்டியைக் கிழித்து ஜன்னலில் ஒட்டிக்கொண்டிருந்தார். "நெசமாவே நானாடா?" என்று கேட்டார். நான் என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மறுநாள் கொதிகலன் கூடத்தில் வேலை. கூரை உத்தரங்களை ஒவ்வொன்றாக அறுத்து இறக்க வேண்டும். என் கிரேன் உத்தரத்தைப் பிடித்துக்கொள்ளும். கட்டர் மேலே சாரத்தில் நின்று அறுப்பான். சம்மட்டி அண்ணன் கீழே நின்று எனக்குக் கை காட்டுவார். கூண்டுக்குள்ளிருந்து எனக்கு அந்தப் பக்கம் தெரியாது. அவர் கைதான் எனக்குக் கண். இத்தனை வருஷத்தில் அந்தக் கை ஒரு தடவைகூடத் தப்பாகக் காட்டியதில்லை.

வெயில் சாய்ந்திருந்தது. காற்று ஜிலுஜிலுவென்று அடித்தது. அவருக்கு மட்டும் வியர்த்து ஊற்றியது. உத்தரம் அறுபட்டுத் தொங்கியது. நிறுத்து என்று காட்ட வேண்டிய கை, திருப்பு என்று காட்டியது. நான் திருப்பினேன். உத்தரம் சுழன்று போய்ச் சாரத்தை அடித்தது. இரும்புக் குழாய்கள் தீப்பெட்டிக் குச்சி மாதிரிச் சரிந்தன. கட்டர் இடுப்பு பெல்ட்டில் அந்தரத்தில் தொங்கினான். அவன் கையிலிருந்த கட்டரின் தீ அவன் முழங்கையை ஒரு நக்கு நக்கிவிட்டு அணைந்தது. அவன் போட்ட அலறல் காலியாகக் கிடந்த மில் முழுக்கச் சுற்றிச் சுற்றி வந்தது.

நான் கூண்டிலிருந்து தலையை நீட்டிக் கத்தினேன். "யோவ், கண்ணு அவிஞ்சு போச்சா? ஆள் செத்திருப்பான்யா!"

சம்மட்டி அண்ணன் என்னைப் பார்த்தார். யாரோ தெரியாத ஆளைப் பார்ப்பது மாதிரி பார்த்தார். பிறகு கீழே கிடந்த சம்மட்டியை எடுத்துக்கொண்டு நிதானமாக வந்து என் கிரேனின் முன் விளக்கை ஒரே போடாகப் போட்டார். அடுத்த விளக்கையும் போட்டார். கூண்டின் கண்ணாடிக்குக் கை ஓங்கியபோது கால் இடறி மண்ணில் உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்திலேயே ஏதேதோ திட்டிக்கொண்டிருந்தார்.

ஆட்கள் கட்டரை இறக்கினார்கள். அவன் நேராக அவரிடம் போனான்.

"என்னைக் கொல்லத்தான் கை காட்டுனீங்க. அக்கா வரப் போறான்னு தெரிஞ்சு போச்சு. சாட்சிய முடிச்சிடலாம்னு பாத்தீங்க."

"போடா" என்றார் அவர். நாக்கு குழறியது.

ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து லாட்ஜுக்கு இழுத்து வந்தோம். படியேறும்போது மேனேஜர் குறுக்கே வந்து, "சார், நேத்து ஒடஞ்ச கண்ணாடிக்கு..." என்று ஆரம்பித்தார். வார்த்தை முடியவில்லை, கன்னத்தில் பளாரென்று விழுந்தது. மேனேஜருடைய மூக்குக்கண்ணாடி படியில் உருண்டது. பாவம், மனுஷன் பேயறைந்த மாதிரி நின்றுவிட்டார்.

அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினான் கட்டர். வெந்த முழங்கையில் ஈரத் துணியைச் சுற்றிக்கொண்டான். பெட்டியைத் திறந்து ஊசியை எடுத்தான்.

"இப்ப எதுக்குடா அது?" என்றேன்.

"வேளைக்கு வேளை ஊசி போடணும்னு அக்கா சொல்லியிருக்கு. அத நான் தவற விடமாட்டேன். ஆனா இன்னிக்கு முட்டையும் கெடையாது, கடலையும் கெடையாது. தின்னுட்டுத்தான் இந்த ஆட்டம் ஆடுறாரு. அக்கா வந்து பாக்கட்டும்."

அவர் தொடையில் ஊசியை ஏற்றினான். சம்மட்டி அண்ணன் தடுக்கவில்லை. அந்த ஒரு விஷயத்தில் அவர் எப்போதுமே குழந்தை மாதிரி காலைக் காட்டுவார்.

கொஞ்ச நேரம் கட்டிலில் சுருண்டு கிடந்தார். எழுந்து கெட்டிலைத் திறந்து பார்த்தார். செங்கல் மேல் இருந்த தட்டைத் தூக்கிப் பார்த்தார். பெட்டிகளைக் கவிழ்த்தார். தலையணை உறையைக் கிழித்தார். "சோறு" என்றார். அது மனுஷக் குரலாகவே இல்லை. கட்டர் நகராமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். நாற்காலியோடு சேர்த்து அவனைத் தூக்கி எறிந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல எனக்கு வராது. கட்டர் எழுந்தான். இத்தனை நாள் காத்திருந்த ஆள் மாதிரி எழுந்தான். வெந்நீர் இருந்த கெட்டிலைத் தூக்கி அவர் முகத்தில் அடித்தான். மூக்கு நறுக்கென்று உடைந்தது. வெந்நீர் இரண்டு பேர் மேலும் கொட்டியது. கீழே விழுந்தவரை விலாவிலும் முதுகிலும் மிதித்தான். ஒவ்வொரு மிதிக்கும், "பல்லு! பல்லு!" என்று கத்தினான். நான் அவனை இடுப்போடு கட்டி இழுத்தேன். அதற்குள் சம்மட்டி அண்ணன் என் காலைக் கவ்விக் கடித்தார். கடைசியில் கிரேனில் மாட்டுகிற துணிப் பட்டையைக் கொண்டு வந்து அவரைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டினோம். காலைப் பிடித்தது நான். முடிச்சுப் போட்டது அவன்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. அண்ணி பையோடு நின்றாள்.

உடைந்த நாற்காலி, சுவரில் ரத்தம், பட்டையில் கட்டிக்கிடக்கிற புருஷன், வெந்து சிவந்த தம்பி. எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். அழவில்லை. பையைக் கீழே வைத்தாள்.

"அவுக்கட்டுமா அக்கா?"

"வேணாம். கெடக்கட்டும்."

சுவரோரம் தரையில் உட்கார்ந்தாள். பயணக் களைப்பில் காலை நீட்டிக்கொண்டாள். கட்டிலில் அவர் முனகினார். முதலில் கெட்ட வார்த்தை. பிறகு வார்த்தையே இல்லை. கட்டில் மட்டும் கடகடவென்று ஆடியது. மூக்கு ரத்தம் காதுக்குள் வழிந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் அவள் எழுந்து, முந்தானையால் துடைக்கப் போனாள். நெற்றியில் பட்ட கையை வெடுக்கென்று எடுத்தாள்.

"ஏன்டா இப்படி ஜில்லுன்னு இருக்காரு? ஏன் இப்படி வேர்க்குது?"

"திமிரு பண்ணா வேர்க்காதா?"

"சாப்பிட்டாரா?"

"இல்ல. இன்னிக்குப் பட்டினி போட்டேன்."

"ஊசி?"

"அதெல்லாம் போட்டாச்சு. ஒரு வேளை கூடத் தப்புனதில்ல" என்றான் பெருமையாக.

அண்ணி போட்டாள் ஒரு கத்தல். "சக்கர! சக்கர எங்கடா? அடப் பாவி, சக்கர குடுடா!"

"நம்ம ரூம்ல ஒரு பொட்டு கெடையாதுக்கா. நான்தான்..."

என் அறைக்கு ஓடினேன். இழுப்பறையை அப்படியே உருவி, தலைகீழாக அவள் முன்னால் கொட்டினேன். பொட்டலங்களைப் பல்லால் கிழித்துக் கிழித்துத் தம்ளரில் போட்டோம். அவள் அவர் நெஞ்சின்மேல் முழங்காலை ஊன்றி ஏறி உட்கார்ந்தாள். தாடையைப் பிடித்துத் திறந்தாள். அவர் துப்பினார். தலையை ஆட்டினார். அவள் விரலைக் கடித்தார். ரத்தம் வந்தது.

"கடிங்க. நல்லாக் கடிங்க. கடிச்சுட்டு முழுங்குங்க."

விரலை எடுக்கவே இல்லை. கடிபட்ட விரலாலேயே சர்க்கரையை அவர் ஈறில் தேய்த்தாள். தம்ளர் தம்ளராக ஊற்றினாள். பாதி வெளியே, பாதி உள்ளே. ஊற்றிக்கொண்டே பேசினாள். "இவரு விரல எடுத்தப்ப ஆஸ்பத்திரியில பக்கத்து ரூம் டீச்சரம்மா, இதே ஊசி போடுறவங்க, பரம சாது, நர்ஸக் கடிச்சுக் கொதறி, தட்டத் தூக்கி அடிச்சு என்னா ஆட்டம் ஆடுனாங்க தெரியுமா? சக்கரத் தண்ணி குடுத்ததும் அப்படியே அடங்கிட்டாங்க. என் கண்ணால பாத்தேன்டா. பாத்துட்டு வந்தும் புத்தியில ஏறல. வீட்டுல எத்தன தடவ இவரு இப்படி வேர்த்து வழிய அடிச்சிருக்காரு!"

"அப்ப ஏன்க்கா தோணல?"

"சாதுவான ஆளா இருந்தா அன்னிக்கே தூக்கிட்டு ஓடியிருப்பேன். எப்பவும் அடிக்கிற ஆளு அடிச்சா, என்ன ஏதுன்னு யாருடா யோசிப்பா?"

கட்டில் ஆடுவது நின்றது. சம்மட்டி அண்ணன் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். இந்தத் தடவை தெரிந்த ஆளாகப் பார்த்தார்.

"நீ எப்ப வந்த?" என்றார். "மூக்கு ஏன் இப்படி வலிக்குது? யாரு என்னைக் கட்டுனது?"

கட்டர் முடிச்சை அவிழ்க்கப் போனான். முடிச்சு அவிழவில்லை. கத்தியை எடுத்துப் பட்டையை அறுத்தான்.

பக்கத்திலிருந்த கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றினார்கள், மூக்குக்குக் கட்டுப் போட்டார்கள். அங்கிருந்த டாக்டரம்மா எங்களை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார். அந்த ஊசி இவர் சாப்பிட்ட சோற்றின் அளவுக்கு எழுதியது. சோற்றை எடுத்துவிட்டு ஊசியை மட்டும் போட்டால் அது ஆளைத்தான் தின்னும். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கக் கூடாதா? இன்னும் கொஞ்ச நேரம் கட்டிப் போட்டிருந்தால் பிணத்தைத்தான் அவிழ்த்திருப்பீர்கள் என்றார். ஊசியைப் பாதியாக்கினார். வேளைக்குக் கொஞ்சம் சோறும் எழுதினார். கட்டர் முகத்தில் ஈயாடவில்லை.

மறுநாள் காலை அந்த அறை கல்யாண வீடு மாதிரி இருந்தது, சம்மட்டி அண்ணன் ஒருவருக்கு மட்டும். மூக்கில் கட்டோடு கட்டிலில் சாய்ந்துகொண்டு ஓயாமல் பேசினார்.

"கேட்டியா டாக்டரம்மா சொன்னத? நான் இல்ல. ஊசி! எல்லாம் ஊசி பண்ண வேலை. மாப்ள, நீயும் கேட்டதான? டேய் கிரேன், நீ சொல்லுடா. நான் கை வைக்கலன்னுதான அர்த்தம்? அப்ப வீட்டுக்கு வரலாம்தான?"

கட்டர் கீழே உட்கார்ந்து, வெந்த கையால் முட்டைக்கு உப்புத் தொட்டுக்கொண்டிருந்தான். அண்ணி தட்டில் கொஞ்சம் சோறு வைத்து அவரிடம் நீட்டினாள். விரலில் கட்டு. எதிரே உட்கார்ந்தாள்.

"நேத்து கிரேன் லைட்ட ஒடச்சீங்களே, ஞாபகம் இருக்கா?"

"சத்தியமா இல்ல. இவன் சொல்லித்தான் தெரியும்."

"இஸ்திரிப் பெட்டி?"

"அதுவும் இல்ல. பாத்தியா, அதத்தான சொல்றேன்!"

"கால் விரல எடுத்துட்டு வந்த பொறவு, தண்ணிச் செம்ப வீசி என் தோள்பட்டைய எறக்குனீங்களே?"

"எனக்கு... நெசமாவே தெரியலம்மா."

"நம்புறேன்" என்றாள். அவர் முகம் மலர்ந்தது. அவள் அடுத்ததைக் கேட்டாள்.

"என் பல்லு?"

வாய்க்குக் கொண்டுபோன கை நின்றது.

"தண்ணித் தொட்டிகிட்ட. தொவச்ச துணியப் பிழிஞ்சுட்டு இருந்தேன். தம்பி வாசல்ல நின்னான். ஞாபகம் இருக்கா?"

வராந்தாவில் துப்புரவுப் பெண் வாளியை நகர்த்தினாள். சம்மட்டி அண்ணன் தட்டைப் பார்த்தார். பொய் சொல்லியிருக்கலாம். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், வீடு அவருக்குத்தான். நானே, அவர் 'இல்லை' என்று சொல்லிவிட மாட்டாரா என்று பார்த்தேன்.

"இருக்கு" என்றார்.

"எதுக்கு அடிச்சீங்க?"

"சொல்லாம உங்கம்மா வீட்டுக்குப் போயிட்டு வந்த."

"அப்ப ஊசி இருந்துச்சா?"

"இல்ல."

"சக்கர?"

"இல்ல."

அவள் எழுந்தாள். பையை எடுத்துக்கொண்டாள். குரலை உயர்த்தவே இல்லை.

"ஞாபகம் இல்லாததையெல்லாம் மன்னிச்சுட்டேன். அதப் பத்தி ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். ஞாபகம் இருக்கறத வச்சுக்கிட்டு நீங்க எங்க வேணா நல்லா இருங்க. என் வீடு வேணாம்."

வாசல் வரை போனவள் திரும்பி வந்தாள். தரையில் சிதறிக் கிடந்த சர்க்கரைப் பொட்டலங்களில் சிலதைப் பொறுக்கி, ஆணியில் தொங்கிய அவர் சட்டைப் பையில் போட்டாள். "இது எப்பவும் பையில இருக்கணும்" என்று தம்பியிடம் சொன்னாள். படியிறங்கிப் போய்விட்டாள்.

அறையில் மூன்று ஆண்கள் மட்டும் இருந்தோம். சம்மட்டி அண்ணன் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். அவர் கையை நான் பார்த்தேன். அடிக்க ஓங்கும் என்று நினைத்தேன். சுவரையாவது குத்தும் என்று நினைத்தேன். அது சும்மா கிடந்தது.

கட்டர் ஒரு முட்டையை எடுத்துத் தரையில் தட்டினான். ஓட்டை உரிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான். பிறகு தலையை நிமிர்த்திச் சொன்னான்.

"மாமா. உங்க மூக்க நான்தான் ஒடச்சேன். கீழ விழுந்த பொறவும் மிதிச்சேன். எனக்கு எல்லாம் நல்லா ஞாபகம் இருக்கு."

சம்மட்டி அண்ணன் அவனைப் பார்த்தார்.

"எனக்கு இல்ல மாப்ள" என்றார். "முட்டைய உரி. சோறு ஆறுது."